பர்மியச் சாப்பாட்டுக் கடைக்கு முதன்முறை போகிறவர்களுக்கு

யாங்கோனில் ஒரு சோற்றுக் கடையில் உட்கார்ந்து ஒரே ஒரு கோழிக் கறி சொல்லிப் பாருங்கள். கோழி வந்து சேர்வதற்குள் ஒரு கிண்ணம் புளிப்பான சூப்பு, ஒரு தட்டு நிறையப் பச்சையும் அவித்ததுமாகக் காய்கள், நடுவில் கறுத்த மீன் கரைசல், வறுத்த இறால் பொடி என்று மேசை நிறைந்துவிடும். ‘இதெல்லாம் நாம் கேட்கவில்லையே, பில்லில் ஏற்றிவிடுவார்களோ’ என்று புதிதாகப் போகிறவர்கள் பதறுவது வழக்கம். பதற வேண்டாம். பர்மியச் சாப்பாட்டில் கேட்டு வாங்குவது கொஞ்சம், கேட்காமல் வருவது நிறைய. அதோடு, ருசியைச் சமையலறையிலேயே முடித்து அனுப்பும் பழக்கமும் அங்கே குறைவு. எலுமிச்சை, மிளகாய்த் தூள், மீன் சாறு (ஃபிஷ் சாஸ்) எல்லாம் மேசையில் இருக்கும். கடைசிக் கைப்பக்குவம் சாப்பிடுகிறவருடையது. இந்த இரண்டும் தெரிந்தால் எந்தக் கடைக்குள்ளும் தைரியமாக நுழையலாம்.

யாங்கோன், மாண்டலே பக்கம் போகிறவர்களை நினைத்து இதை எழுதுகிறேன். சிங்கப்பூரில் சிட்டி ஹால் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் பெனின்சுலா பிளாசா என்ற கட்டடத்தில் பர்மியக் கடைகள் கூட்டமாக இருக்கின்றன. அங்கே போகிறவர்களுக்கும் இதில் முக்கால்வாசி பொருந்தும்.

முதலில் நேரம், அப்புறம் கடை

சோறும் கறியும் விற்கும் கடைக்குத் ‘தமின் சைன்’ என்று பெயர். இங்கே எல்லாக் கறியும் காலையிலேயே சமைத்துப் பானைகளில் வரிசையாக வைத்துவிடுவார்கள். ஆர்டர் கொடுத்த பிறகு சமைக்கும் வேலை கிடையாது. அதனால் பகல் 11 மணியிலிருந்து 1 மணிக்குள் போய்விடுவது நல்லது. அப்போது வகையும் இருக்கும், கறியும் புதிதாக இருக்கும். சாயங்காலம் போனால் பகலில் விற்காமல் நின்றதுதான் கிடைக்கும், அதுவும் பல மணி நேரம் வெளியில் இருந்தது. வயிறு லேசானவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

நூடுல்ஸ் கடைகளின் கணக்கு வேறு. நாட்டின் பிரதான காலை உணவான மொஹிங்காவை விடிகாலையில் தேடிப் போக வேண்டும். நல்ல கடைகளில் ஒன்பது, பத்து மணிக்கெல்லாம் அண்டா காலியாகிவிடும். ஷான் மாநிலத்து நூடுல்ஸ் விற்கும் கடைகள் பகலிலும் நடக்கும். டீக்கடைகளைப் பற்றித் தனியாகச் சொல்கிறேன். அவை விடிகாலையிலிருந்து இரவு வரை ஊரின் திண்ணை.

யாங்கோனில் பல காலமாகப் பெயர் சொல்லப்படும் சோற்றுக் கடைகள் ஃபீல் மியான்மர், ஷ்வேடகோன் பகோடாவுக்குப் பக்கத்திலுள்ள அவுங் துகா, 29-ஆம் தெருவிலுள்ள டனுப்யு டோ சோ யீ ஆகியவை. ஷான் நூடுல்ஸுக்கு 34-ஆம் தெருவில் 999 என்ற சின்னக் கடை. ஆனால் பழைய பட்டியலை நம்பி ஆட்டோ பிடிக்காதீர்கள். 2021 ராணுவக் கவிழ்ப்புக்குப் பிறகு மின்வெட்டும் விலையேற்றமும் கடுமை. பல கடைகள் நேரத்தைக் குறைத்துக்கொண்டன, சில மூடிவிட்டன. மாண்டலேயை 2025 மார்ச் 28 நிலநடுக்கம் வேறு உலுக்கிப் போட்டது. தங்கியிருக்கும் இடத்தில் ‘இன்று திறந்திருக்குமா’ என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டுக் கிளம்புங்கள். ஏப்ரல் நடுவில், நம் சித்திரைப் பிறப்பை ஒட்டி வரும் திஞ்யான் நீர்த் திருவிழாவின்போது பாதி ஊர் கடையடைத்துச் சொந்த ஊருக்குப் போய்விடும். அந்த வாரம் சாப்பாட்டுக்காகவே பயணம் போகிறவர்கள் ஏமாந்து போவார்கள்.

கூட்டம் பார்த்துக் கடையைத் தேர்ந்தெடுங்கள். பகலில் அலுவலகக்காரர்கள் டிபன் கேரியரோடு பார்சலுக்கு நிற்கும் கடை என்றால் யோசிக்காமல் உள்ளே போகலாம்.

பானை வரிசைக்கு முன்னால்

மேசையில் போய் உட்கார்ந்து மெனு அட்டைக்காகக் காத்திருக்காதீர்கள். நேராகக் கறிகள் வைத்திருக்கும் இடத்துக்குப் போங்கள். விரலால் காட்டினால் போதும், யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள். உள்ளூர்க்காரர்களும் அப்படித்தான் செய்வார்கள்.

எது என்ன என்று தெரிய நாலைந்து சொற்கள் வேண்டும். பன்றி ‘வெத்தா’. ஆடு ‘செய்த்தா’. மாடு ‘அமேத்தா’. மீன் ‘ஙா’. இறால் ‘பசூன்’. கோழி ‘ச்செத்தா’, தமிழ்க் காதில் கொஞ்சம் அபசகுனமாக விழும், பொருட்படுத்தாதீர்கள். மாடு சாப்பிடாதவர்கள் பெரிதாக விளக்க வேண்டியிருக்காது. உழுகிற மாட்டைத் தின்னக்கூடாது என்று நினைக்கும் பௌத்தர்கள் அங்கே நிறைய உண்டு, அதனால் ‘அமேத்தா வேண்டாம்’ என்பது அவர்களுக்குப் பழகிய பேச்சு. பன்றி கிட்டத்தட்ட எல்லா இடத்திலும் இருக்கும். பன்றி வேண்டாதவர்கள் வாசலில் 786 என்று எழுதிய கடையைப் பார்க்கலாம். அது முஸ்லிம்கள் நடத்துவது. ‘டான்பௌக்’ என்ற பர்மிய பிரியாணி அங்கேதான் நன்றாக இருக்கும்.

பானையில் எட்டிப் பார்த்தால் முதலில் கண்ணில் படுவது எண்ணெய். கறியின் மேல் விரல் தடிமனுக்கு நிற்கும். இதைப் பார்த்துத்தான் பலர் பர்மியச் சமையல் நமக்கு ஒத்துவராது என்று திரும்பிவிடுகிறார்கள். வெங்காயம், பூண்டு, இஞ்சி விழுதை நிறைய எண்ணெயில் மஞ்சளோடு வதக்கி, தண்ணீர் சுண்டி எண்ணெய் மேலே திரும்பி வரும்வரை வேகவிடுவது அவர்கள் முறை, ‘சீப்யான்’ என்பார்கள். அந்த எண்ணெய் மூடியாக நின்று, காலையில் செய்த கறி பகல்வரை காற்றுப்படாமல் இருக்க உதவுகிறது. அதை முழுக்கச் சோற்றில் ஊற்றிக்கொள்ள வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. கிண்ணத்தைக் கொஞ்சம் சாய்த்து, அடியிலிருந்து கறியை எடுத்துக்கொள்ளுங்கள். எண்ணெய் கிண்ணத்திலேயே நிற்கட்டும்.

நிறம் சிவப்பாக இருந்தாலும் காரம் குறைவுதான். மல்லி, சீரகம், சோம்பு அரைத்த மசாலா வாசனையை எதிர்பார்த்துப் போனால் ‘என்ன, ஒன்றுமே போடவில்லையா’ என்று தோன்றும். அங்கே ருசியைத் தூக்கிப் பிடிப்பது வெங்காயத்தின் இனிப்பும் மீன் சாற்றின் உப்பும். காரம் வேண்டுமென்றால் வறுத்த மிளகாய்த் தூள் கேட்டு வாங்கிக்கொள்ளலாம்.

எவ்வளவு சொல்வது? தலைக்கு ஒரு கறி. இரண்டு பேர் போனால் இரண்டு கறி வேறு வேறாக வாங்கிப் பகிர்ந்துகொள்ளுங்கள். நாலு கறி சொல்லிவிட்டுத் திணறுகிறவர்கள் எல்லாம் கூட வரும் கிண்ணங்களைக் கணக்கில் எடுக்காதவர்கள். முதல்முறை போகிறவர்களுக்கு நான் சொல்வது, ஊறுகாய் மாங்காய் போட்ட பன்றிக் கறி அல்லது ஆற்று இறால். பன்றி வேண்டாம் என்றால், முள் மிருதுவாகும்வரை மணிக்கணக்கில் வேகவைத்த ஹில்சா மீன் கிடைக்கிறதா பாருங்கள். பெரிய ஆற்று இறால் மட்டும் விலை மற்றதைப் போலப் பல மடங்கு இருக்கும். கை காட்டுவதற்கு முன் ‘பெலௌலே?’ என்று விலை கேட்டுவிடுங்கள். கோழியில் நாட்டுக்கோழி இருந்தால் அதையே எடுங்கள்.

கேட்காமல் வருபவை

இங்கேதான் நிதானமாக இருக்க வேண்டும்.

சூப்பு முதலில். பெரும்பாலும் புளிச்சக்கீரை போட்ட புளிப்புச் சாறு, அல்லது பருப்புச் சாறு. கடைசியில் குடிக்க எடுத்து வைக்காதீர்கள். சோற்றுக்கு இடையிடையே ஒரு வாய் குடிப்பதற்குத்தான் அது. கறியின் எண்ணெய்க் கனத்தை அந்தப் புளிப்பு அறுத்துவிடும். ஆந்திரக் கோங்குரா பிடித்தவர்களுக்கு இந்தச் சூப்பு உடனே ஒட்டிக்கொள்ளும். ‘சின்பவுங்’ என்று அவர்கள் சொல்லும் இந்தக் கீரையை இறாலும் பச்சைமிளகாயும் போட்டு வதக்கியும் வைப்பார்கள். பானை வரிசையில் கண்ணில் பட்டால் விடாதீர்கள்.

அடுத்து காய்த் தட்டு, ‘தொசயா’. வெள்ளரி, முட்டைக்கோஸ், வெண்டை, கத்தரி, வல்லாரை, மாம்பிஞ்சு என்று பருவத்துக்குத் தகுந்தபடி இருக்கும். இதை அப்படியே கடித்துவிட்டு ‘உப்பே இல்லை’ என்று ஒதுக்குகிறவர்கள் பலர். தட்டின் நடுவே அல்லது பக்கத்தில் ஒரு குட்டிக் கிண்ணம் இருக்கிறதே, அதில் தொட்டுக்கொள்ள வேண்டும். அந்தக் கிண்ணம்தான் ‘ஙப்பி யே’: புளிக்கவைத்த மீனை அல்லது இறாலைக் கரைத்துக் காய்ச்சி, மிளகாயும் பூண்டும் சேர்த்தது. வாசனை ஆளை அடிக்கும், ஒளிக்க முடியாது. கருவாட்டுக் குழம்பு வாசனையில் வளர்ந்தவர்களுக்குப் பயமில்லை. மற்றவர்கள் ஒரு வெள்ளரித் துண்டின் நுனியை மட்டும் நனைத்து ஆரம்பிக்கலாம். பர்மியச் சாப்பாட்டின் மையம் கறியா இந்த ஙப்பியா என்று கேட்டால், நான் ஙப்பி பக்கம்தான் நிற்பேன். கறி இல்லாத நாளிலும் சோறு, காய், ஙப்பி மூன்றும் இருந்தால் அவர்களுக்கு அது முழுச் சாப்பாடு.

வயிற்றைப் பற்றிப் பயமிருந்தால் பச்சைக் காயை விட்டுவிட்டு அவித்ததை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். தட்டில் இரண்டும் இருக்கும்.

வறுத்த உலர் இறாலும் பூண்டும் மிளகாயும் சேர்ந்த ‘பலாச்சாங்’ சில கடைகளில் தானாக வரும், சிலவற்றில் கேட்டால் வரும். சோற்றின் மேல் தூவிப் பிசைந்தால் கறி தேவையே இல்லை. பாட்டிலில் அடைத்து விற்பதும் உண்டு. ஊருக்கு வாங்கிப் போக நல்ல பொருள்.

சோறு, சூப்பு, காய் மூன்றும் பெரும்பாலான சோற்றுக் கடைகளில் திரும்பத் திரும்ப வைப்பார்கள், தனிக் காசு கிடையாது. கறி மட்டும் கணக்கு. சிங்கப்பூர், பாங்காக் கடைகளில் இந்தத் தாராளம் எல்லா இடத்திலும் இல்லை, அங்கே கேட்டுக்கொள்வது நல்லது. சாப்பாடு முடிந்ததும் ஒரு சின்னக் கிண்ணத்தில் பனங்கருப்பட்டித் துண்டுகள் வைப்பார்கள். பாகன் சுற்று வட்டாரத்துப் பனங்காடுகளிலிருந்து வருவது, ‘தன்யெட்’ என்பார்கள். அதுவும் இலவசம்தான், கூச்சப்படாமல் எடுங்கள்.

கையா, கரண்டியா

இரண்டும் சரி. வீடுகளில் வலது கையால் பிசைந்து சாப்பிடுவது அவர்களுடைய பழைய வழக்கம். கடைகளில் கரண்டியும் முள்கரண்டியும் வைப்பார்கள். கையால் சாப்பிடும் தமிழரைப் பார்த்தால் கடைக்காரர் முகம் மலர்வதை நானே கவனித்திருக்கிறேன். குச்சி, நூடுல்ஸுக்கு மட்டும். சோற்றுக்குக் குச்சி கேட்காதீர்கள்.

எல்லாப் பதார்த்தமும் ஒன்றாகத்தான் வரும். முதலில் இது, பிறகு அது என்ற வரிசை கிடையாது. கறியை ஒரேயடியாகத் தட்டில் கொட்டிக்கொள்ளாமல், ஒன்றிரண்டு துண்டு எடுத்து, அந்தச் சோறு முடிந்த பிறகு அடுத்ததை எடுப்பது மரியாதை. பெரியவர் யாராவது கூட இருந்தால் அவர் தட்டில் முதலில் ஒரு துண்டு வைத்துவிட்டுத்தான் மற்றவர்கள் தொடுவார்கள். உங்கள் தட்டில் யாராவது கறி எடுத்து வைத்தால் அது அன்பு, மறுக்காதீர்கள். காசோ கிண்ணமோ கொடுக்கும்போது வலது கையால் கொடுத்து, இடது கையை வலது முழங்கையில் லேசாகத் தொட்டுக்கொள்வார்கள். நீங்களும் அப்படிச் செய்தால் நல்ல பெயர்.

நூடுல்ஸ்: முடிப்பது நம் கையில்

சென்னையில் பாரிமுனை, பர்மா பஜார் பக்கம் அத்தோ என்ற கலவை நூடுல்ஸ் சாப்பிட்டவர்கள் இங்கே பாதி தூரம் வந்துவிட்டார்கள். 1960-களில் பர்மாவிலிருந்து திரும்பி வந்த குடும்பங்கள் கொண்டுவந்த உணவு அது. ஆனால் யாங்கோனில் அதே ருசியைத் தேடாதீர்கள். நம் தள்ளுவண்டி அத்தோவின் ஆரஞ்சு நிறமும் காரமும் சென்னையில் சேர்ந்தவை. அங்கே கலவை நூடுல்ஸ் மெதுவாகப் பேசும்: வறுத்த கடலை மாவு, பூண்டு எண்ணெய், புளித் தண்ணீர், மீன் சாறு. அத்தோவோடு நமக்குக் கொடுக்கும் வாழைத்தண்டு சூப்பின் தாய்தான் மொஹிங்கா.

மொஹிங்காவில் கெளுத்தி வகை மீனை எலுமிச்சைப் புல்லோடு வேகவைத்து, முள் நீக்கி, கடலை மாவோ வறுத்து அரைத்த அரிசியோ கரைத்துக் கெட்டியாக்கி, இளம் வாழைத்தண்டு வட்டங்களைப் போட்டுக் கொதிக்கவிட்டிருப்பார்கள். மெல்லிய அரிசி நூடுல்ஸ் மேல் அதை ஊற்றித் தருவார்கள். கிண்ணம் வந்ததும் உடனே சாப்பிட ஆரம்பிக்காதீர்கள். முதலில் ‘மேலே என்ன போட’ என்று கேட்பார்கள். பருப்பு வடைத் துண்டு, சுரைக்காய் பஜ்ஜி, அவித்த வாத்து முட்டை என்று தட்டில் இருக்கும்; இவற்றுக்குத் தனிக் காசு. பஜ்ஜியை நொறுக்கிப் போடச் சொல்லுங்கள். அடுத்து ஒரு வாய் குடித்துப் பாருங்கள். பிறகு எலுமிச்சை பிழியுங்கள், மல்லித்தழை போடுங்கள், மிளகாய்த் தூள் தூவுங்கள், மீன் சாறு சில சொட்டு விடுங்கள், கடைசியில் நன்றாகக் கலக்குங்கள். எலுமிச்சை இல்லாத மொஹிங்கா சப்பென்று இருக்கும். அப்படிச் சாப்பிட்டுவிட்டுக் குறை சொல்வது கடைக்காரருக்குச் செய்யும் அநியாயம்.

மீன் வேண்டாதவர்களுக்குத் தேங்காய்ப்பால் கோழி நூடுல்ஸ், ‘ஓன்னோ கௌஸ்வே’. இதிலும் எலுமிச்சை, வறுத்த மிளகாய், பச்சை வெங்காயம் நீங்கள்தான் சேர்க்க வேண்டும். ஷான் நூடுல்ஸ் இன்னும் எளிமை: அரிசி நூடுல்ஸ், தக்காளியில் வதக்கிய கோழி அல்லது பன்றிக் கொத்து, பக்கத்தில் கடுகுக்கீரை ஊறுகாய். சூப்போடும் வாங்கலாம், சூப்பில்லாமல் பிரட்டியும் வாங்கலாம். மாண்டலே போனால் தடித்த நூடுல்ஸில் கோழிக் கறியும் கடலை மாவும் சேர்த்துப் பிசைந்த ‘நன்ஜி தோ’. ரக்கைன் மாநிலத்து ‘மோண்டி’ மட்டும் உண்மையிலேயே உறைக்கும். தமிழ் நாக்குக்கே தண்ணீர் தேவைப்படும்.

‘தோ’ வகைகள்

பர்மியர்கள் எதையும் பிசைந்து ‘தோ’ ஆக்கிவிடுவார்கள். இஞ்சி, தக்காளி, சோறு, சமோசா எல்லாமே. வறுத்த பருப்பு, எள், வேர்க்கடலை, பூண்டுச் சீவல், எலுமிச்சை, கடலை எண்ணெய் எல்லாம் சேர்த்துக் கையால் கலந்து தருவது. சமோசா தோவை முதலில் பார்த்தால் சமோசாவை ஏன் வெட்டிக் கெடுத்தார்கள் என்று தோன்றும். சாப்பிட்ட பிறகு வெறும் சமோசா பிடிக்காது.

எல்லாவற்றுக்கும் மேலே தேயிலை தோ, ‘லபெட் தோ’. இளம் தேயிலையை ஆவியில் அவித்து, இறுக்கி அடைத்து, மாதக்கணக்கில் புளிக்கவைப்பார்கள். ஷான் மாநிலத்தின் வடக்கே நம்ஸான் மலைப்பக்கத்துத் தேயிலைக்குப் பெயர் அதிகம். பழத்தில் மாங்கனி, இறைச்சியில் பன்றி, இலையில் லபெட் என்று அங்கே ஒரு பழமொழியே உண்டு. மன்னர் காலத்தில் வழக்காடிய இரு தரப்பும் தீர்ப்புக்கு இணங்கியதற்கு அடையாளமாக லபெட் தின்பார்களாம். இரண்டு விதமாகக் கிடைக்கும். அறைகள் பிரித்த தட்டில் தேயிலை ஒரு பக்கம், பருப்பு வகை ஒரு பக்கம், உலர் இறால் ஒரு பக்கம் என்று வந்தால் கலக்காமல், ஒவ்வொன்றிலும் கொஞ்சம் எடுத்துச் சேர்த்து வாயில் போட வேண்டும். தக்காளியும் முட்டைக்கோஸும் சேர்த்துக் கலந்து வந்தால் அப்படியே சாப்பிடலாம். அமெரிக்காவில் லெட்டூஸ் நிறையப் போட்டு மேசையிலேயே கிளறித் தருவது அந்த ஊர் மாற்றம்.

ஒரு எச்சரிக்கை. தேயிலையைக் குடிக்கவில்லை, தின்கிறீர்கள். ராத்திரி ஒன்பது மணிக்கு ஒரு தட்டு லபெட் சாப்பிட்டுவிட்டுத் தூக்கம் வரவில்லை என்று புரண்டு பயனில்லை. பகலில் சாப்பிடுங்கள்.

டீக்கடை

சோற்றுக் கடையைவிட டீக்கடையில் புதியவர்களுக்குக் குழப்பம் அதிகம். தரையோடு ஒட்டிய குட்டி ஸ்டூலில் உட்கார்ந்ததுமே மேசையில் ஒரு பிளாஸ்க்கும் சின்னக் கோப்பைகளும் இருக்கும். அதில் இருப்பது பால் கலக்காத பச்சைத் தேநீர், ‘யே நுவே ஜான்’. இலவசம். முதலில் கோப்பையில் கொஞ்சம் ஊற்றிச் சுழற்றிக் கழுவிக் கொட்டிவிட்டு, அப்புறம் ஊற்றிக் குடியுங்கள். எவ்வளவு வேண்டுமானாலும் குடிக்கலாம்.

கேட்காமலேயே ஒன்றிரண்டு தட்டில் சமோசா, கேக், பொரித்த மாவுக்குச்சியான ‘ஈச்சாக்குவே’ கொண்டுவந்து வைத்துவிட்டுப் போவார்கள். இங்கே சோற்றுக் கடைச் சட்டம் செல்லாது. தின்றதற்குக் காசு, தொடாததற்கு இல்லை. நாலு சமோசாவில் இரண்டை எடுத்தால் இரண்டுக்கு மட்டும்தான் கணக்கு.

பால் டீ டின் பாலில் போடுவது, சும்மா ‘டீ’ என்றால் பாகு மாதிரி வரும். சொல்லும் விதம் இருக்கிறது. இனிப்பும் பாலும் தூக்கலாக வேண்டுமா, ‘சோ செய்ன்’. கடுப்பாகவும் பாலோடும் வேண்டுமா, ‘சா செய்ன்’. இனிப்புக் குறைத்துக் கடுப்பாக வேண்டுமா, ‘போ ஜா’. நம்மூர் ஸ்ட்ராங் டீ ஆட்கள் கடைசியதைச் சொல்லலாம். ‘சௌபடவுங்’ என்று சொன்னால் கெட்டியாக, பல் கூசும் இனிப்பில் வரும். அது ஓர் ஊரின் பெயர்.

சாப்பிட என்ன? பலாத்தா. நம் பரோட்டாவேதான். அவித்த முளைகட்டிய பட்டாணியோடு தருவார்கள், அல்லது சர்க்கரை தூவி. பூரி உண்டு, சில தெருக்களில் ‘தோஷே’ என்ற பெயரில் தோசை உண்டு. 1931 கணக்கெடுப்பில் ரங்கூன் (இன்றைய யாங்கோன்) மக்களில் பாதிக்கு மேல் இந்தியர்கள்; அந்தக் காலம் விட்டுச்சென்றது இது. அனோரதா சாலையில் தமிழர்கள் 1871-இல் கட்டிய காளி கோவில் இன்றும் இருக்கிறது. கோவிலைச் சுற்றி நடந்தால் இந்தப் பலகாரங்கள் கண்ணில் படும்.

பணியாளரைக் கூப்பிட உள்ளூர்க்காரர்கள் உதட்டைக் குவித்து முத்தச் சத்தம் எழுப்புவார்கள். நீங்கள் அதைச் செய்ய வேண்டாம். புதியவர் செய்தால் நன்றாக இருக்காது. ஆண்கள் இளைய பையனை ‘ஞீ லே’ என்று கூப்பிடலாம், பெண்கள் ‘மவுங் லே’ என்பார்கள். மூத்தவரானால் ‘அக்கோ’, பெண்ணானால் ‘அமா’. டீ கொண்டுவருகிறவர்கள் பல கடைகளில் பள்ளிக்கூடத்தில் இருக்க வேண்டிய வயதுச் சிறுவர்கள் என்பது மனதை உறுத்தும் விஷயம். குறைந்தபட்சம் அவர்களிடம் அதட்டிப் பேசாமல் இருக்கலாம். இன்னொன்று, டீக்கடையில் அரசியல் பேச்சை நீங்களாக எடுக்காதீர்கள். நீங்கள் ஊர் திரும்பிவிடுவீர்கள், பதில் சொல்கிறவர் அங்கேயே இருக்க வேண்டும்.

சைவம் சாப்பிடுகிறவர்கள்

‘இறைச்சி சாப்பிட மாட்டேன்’ என்று மட்டும் சொன்னால் மீன் வந்து நிற்கும். ‘தெத்தத்லூ’ என்ற ஒரு சொல்லை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். உயிர்க்கொலை இல்லாத உணவு என்று உடனே புரிந்துகொள்வார்கள். மழைக்கால விரத மாதங்களில், ஜூலையிலிருந்து அக்டோபர்வரை, உள்ளூர்க்காரர்களிலேயே பலர் இறைச்சியை விடுவதால் அப்போது சைவம் எளிதாகக் கிடைக்கும்.

சொன்ன பிறகும் மூன்று இடத்தில் கவனம் தேவை. கீரைச் சூப்பில் பெரும்பாலும் ஙப்பியோ உலர் இறாலோ இருக்கும். தோ வகைகளில் இறால் பொடியும் மீன் சாறும் கை பழக்கத்தில் விழுந்துவிடும். வதக்கிய கீரையில் சிப்பிச் சாறோ கோழித் தூளோ போடுவார்கள். ‘ஙப்பி மதெ பாநெ, பசூன் சௌ மதெ பாநெ’ என்றால் ஙப்பி போடாதீர்கள், உலர் இறால் போடாதீர்கள் என்று ஆகும். கலக்கும் இடத்தில் நின்று சொல்வது இன்னும் நல்லது.

நம்பிக்கையாகச் சாப்பிடக்கூடியவை டீக்கடைப் பலாத்தாவும் பட்டாணியும் (சூப்பு ஊற்ற வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்), சுரைக்காய் பஜ்ஜி, பிறகு ஷான் தோஃபு. தோஃபு என்றதும் சோயா என்று நினைக்காதீர்கள். இது கடலை மாவைக் கிண்டி ஆறவைத்து வெட்டியது, மஞ்சளாக இருக்கும். அதையே கூழ்ப் பதத்தில் சூடாக நூடுல்ஸ் மேல் ஊற்றித் தருவதும் உண்டு. குளிர்ந்த காலை வேளைக்கு அதைப்போல வேறில்லை. இந்தியாவிலேயே சுத்த சைவமாகப் பர்மிய ருசி பார்க்க விரும்பினால், 2014-இல் மும்பையில் தொடங்கி வேறு நகரங்களுக்கும் பரவிய பர்மா பர்மா என்ற உணவகம் இருக்கிறது. விலை கொஞ்சம் தூக்கல், ஙப்பி இல்லாத பர்மியச் சாப்பாடு என்பதால் பாதிப் படம்தான், ஆனாலும் லபெட் தோ பழக நல்ல இடம்.

காசு கொடுப்பது

கை காட்டி ‘ஷின்மெ’ என்றால் கணக்கு முடிக்கலாம் என்று அர்த்தம். பணியாளர் மேசைக்கு வந்து, காலிக் கிண்ணங்களையும் மீதிப் பலகாரத்தையும் கண்ணாலேயே எண்ணித் தொகை சொல்லிவிடுவார். அதனால் தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வைக்காதீர்கள், அவர் கணக்குத் தப்பும். சாதாரணக் கடைகளில் டிப்ஸ் வழக்கம் இல்லை. பெரிய உணவகங்களில் வரியும் சேவைக் கட்டணமும் பில்லிலேயே சேர்ந்திருக்கும். உள்ளூர்க்காரர்கள் போனில் பணம் அனுப்பிவிடுவார்கள். வெளியூர்க்காரர்களுக்குக் கையில் ரொக்கம்தான். சில்லறை நோட்டு வைத்துக்கொள்ளுங்கள், அட்டையை நம்பிப் போகாதீர்கள்.

தலைக்கு இவ்வளவு என்று பில்லைப் பிரிப்பது அங்கே பழக்கமில்லை. கூப்பிட்டவரோ, கூட்டத்தில் மூத்தவரோ கொடுப்பார். உங்களை ஒருவர் கூட்டிப்போயிருந்தால் பர்ஸை எடுத்து மல்லுக்கட்டாமல், வெளியே வந்து டீக்கு நீங்கள் கொடுங்கள். சாப்பாட்டுக்கே நீங்கள்தான் கொடுக்க வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தால், கை கழுவப் போகிற சாக்கில் எழுந்துபோய் கல்லாவில் கட்டிவிட்டு வந்துவிடுங்கள். மேசையில் வைத்துக் கொடுக்க விடமாட்டார்கள்.